எட்டாவது ஆரக்கால்

செப்டம்பர் 14

போடியில் உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வெறுமனே கிடந்தது. தூக்கம் பிடிக்கவில்லை என்று எம்.ஐ. ரூமுக்குப் போனேன். மாத்திரை தருவார் என்று பார்த்தால், மனதில் இருப்பதைத் தினமும் கொஞ்சம் எழுதிப் பார் என்கிறார் டாக்டர். மனதில் ஒன்றும் இல்லை. முழங்காலில் வலி இருக்கிறது, அதை வேண்டுமானால் எழுதலாம்.

பெயர் தவசி. ஹவில்தார், பெயிண்டர். மலையடிவாரத்தில் கிடக்கும் இந்த லாரிப் பட்டாலியனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், மறுபடி இங்கேயே வந்து விழுந்தேன். வண்டிகளில் நம்பர் எழுதுவதும் சின்னம் வரைவதும் வேலை. டிசம்பரில் நாயப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியல் வரும். அதில் என் பெயர் இருக்கும் என்கிறார்கள். தோளில் ஒரு நட்சத்திரம் ஏறினால் என் வீட்டுக்காரி ஈஸ்வரி போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்புவாள்.

இன்று ஒன்பது வண்டிக்கு நம்பர் எழுதினேன். குளிரில் மஞ்சள் பெயிண்ட் களிமாதிரி ஆகிவிட்டது. வெந்நீர் வாளியில் டப்பாவை வைத்துக் கலக்கிக் கலக்கி எழுதினேன்.

செப்டம்பர் 17

கேப்டன் பர்வே மேடம் கூப்பிட்டார். பட்டாலியனுக்கு நவம்பரில் ஐம்பது வயது. காவல் வாசலில் பித்தளைத் தகடு பதிக்கப் போகிறார்கள். சின்னம் மேலே, அதன் பொருள் கீழே. இருப்பவர்களில் பழைய ஆள் நான் என்பதால் பொருளை நான் எழுதித் தர வேண்டுமாம். இந்தியில் ஒரு பக்கம் போதுமாம், இங்கிலீஷை அவர் பார்த்துக்கொள்வாராம்.

சின்னத்தில் என்ன பெரிய பொருள்? நீலத் தரை, இரவிலும் ஓடுகிறவர்கள் என்பதற்காக. சுற்றிலும் லாடம். லாரி வருவதற்கு முன் இது கோவேறு கழுதைப் படையாக இருந்தது. உள்ளே மஞ்சள் சக்கரம். எட்டு ஆரக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கும். வலது பக்கம் கீழே ஒன்று காலி. திரும்பி வராத டிரைவருக்காக அந்த இடம். இதெல்லாம் புது டிரைவர்களுக்குக் கொடுக்கும் கைப்புத்தகத்தில் நாலாம் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதையே பார்த்து எழுதிக்கொள்ளலாமே என்றேன்.

"புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும். அந்த டிரைவர் யார், எந்த வருடம், அது எங்கேயும் இல்லை. அதைத்தான் கேட்கிறேன்" என்றார்.

பார்க்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாளி தண்ணீர் தூக்கியதற்கே முழங்கால் பின்னிக்கொள்கிறது.

செப்டம்பர் 18

மழை. எழுதவில்லை.

செப்டம்பர் 22

இருபத்தேழாம் நம்பர் வண்டியை ஒர்க் ஷாப்பில் இருந்து இழுத்து வந்து வண்டிகள் நிற்கும் பார்க்கில் நிறுத்தியிருக்கிறார்கள். பின் பக்கம் நசுங்கியதை நிமிர்த்தியாயிற்று, சின்னம் மட்டும் புதிதாக வரைய வேண்டும் என்று சுபேதார் தில்பாக் சொன்னார். அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, காயட்டும் சாப் என்றேன். தண்ணீர் அப்படி ஒன்றும் தேங்கவில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆன்றோ ஓட்டிப் போன வண்டி. நாயக் ஆன்றோ, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரன். சாப்பாட்டுக்கூடத்தில், அதாவது லங்கரில், என் தட்டில் இருக்கும் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துக்கொள்வான்.

இங்கே டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணவாய்க்குக் கிளம்பும் முன் வண்டியின் பின்னால் போய், சக்கரத்தில் காலியாக இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தொடுவார்கள். சர்தார், கிறிஸ்தவன், முஸ்லிம் என்று வித்தியாசம் கிடையாது. சாமி கும்பிடாதவன்கூடத் தொடுவான். கேட்டால், போகிறவன் வராதவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான் என்பார்கள். எந்த உத்தரவிலும் இது இல்லை.

அன்றைக்கு மழை. நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளப்பியிருக்கிறார்கள். ஆன்றோ பார்க்கில் தொட மறந்துவிட்டான்.

செப்டம்பர் 25

விசாரணை தொடங்கிவிட்டது. வேறு பட்டாலியனிலிருந்து ஒரு கர்னல் தலைமை. அன்று ஆன்றோவோடு வண்டியில் போன ஹேமராஜை இன்று இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி கேட்டான். அவன் பீடி குடிக்கிறவனே இல்லை.

முப்பத்தோராம் கிலோமீட்டரில் கல் விழும் இடம். நிறுத்தாதே என்று பெரிய பலகை வைத்திருக்கிறது. அங்கே வந்ததும் ஆன்றோ பிரேக் போட்டு, "தொடல டா, தொடல" என்று சொல்லி இறங்கியிருக்கிறான். பின்னால் போய்க் குனிந்தான். கல் வந்தது. அவ்வளவுதான்.

கர்னல் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். நிறுத்தக் கூடாத இடத்தில், உத்தரவில்லாமல், சொந்தக் காரியத்துக்காக ஏன் இறங்கினான்? அப்படித்தான் முடியுமென்றால் அவனுடைய அஜாக்கிரதை என்று எழுதுவார்கள். கடமையில் செத்தான் என்பது போய்விடும். கல்லறையில் எழுதுவதிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 29

மேடம் மறுபடி கேட்டார். இன்னும் இரண்டு நாள் என்றேன். பழைய ரெஜிஸ்டர்களைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். ரெஜிஸ்டரில் இருந்தால்தானே கிடைக்கும்.

அக்டோபர் 1

ஆன்றோவின் மனைவி வருகிறாள். விசாரணையில் அவளுடைய வாக்குமூலமும் வேண்டுமாம். தமிழ் தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். வேறு தமிழ் ஆட்கள் இல்லையா என்றேன். நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரும் கான்வாயில் மேலே போயிருக்கிறார்கள் என்றார் தில்பாக்.

அக்டோபர் 3

லீமா வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. துணைக்குக் கொழுந்தன் வந்திருக்கிறான். மலை ஏறியதும் தலைவலி பிடித்து, கம்பளிக்குள் போனவன் வெளியே வரவில்லை. அவனுக்கும் அவள்தான் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறாள்.

என்னைப் பார்த்ததும், "தவசி அண்ணன் நீங்கதான? ஊறுகா அண்ணன்னு அவிய சொல்லுவாவ" என்றாள். அவள் பைக்குள் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். எனக்காகக் கொண்டுவந்திருக்கிறாள்.

வாங்கி வைத்திருக்கிறேன். திறக்கவில்லை.

அக்டோபர் 4

வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். இருபத்தேழின் பின் பலகையில் புதுப் பச்சைதான் இருந்தது, சின்னம் இல்லை. அதனால் பக்கத்து வண்டியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக் கேட்டிலும் இதைப் போல ஆன்றோ வரைந்து வைத்திருக்கிறானாம். மகன் பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் காலி இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவானாம். அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆகஸ்டுக்குப் பிறகு தொடுவதில்லையாம்.

"இது ஆருக்குள்ள இடம் அண்ணன்? அவர் பேரு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

லங்கரில் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். சின்னத்தின் பொருளை எழுதுவதற்கு எடுத்த தாள் அப்படியே இருக்கிறது. நீலத் தரை, லாடம், சக்கரம் என்று மூன்று வரி எழுதினேன். நாலாவது வரி வரவில்லை.

அக்டோபர் 5

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

இங்கே வந்த இரண்டாம் வருடம். பெரிய ஜெனரல் ஒருவர் பார்வையிட வருவதாக மூன்று நாள் முன்னால் தகவல் வந்தது. நாற்பத்திரண்டு வண்டிக்கும் சின்னம் புதுப்பிக்க வேண்டும். எம்.ஐ. ரூமில் யாருடையதோ நெஞ்சு எக்ஸ்ரே படம் ஒன்றை வாங்கி ஸ்டென்சில் வெட்டினேன். எக்ஸ்ரே பிலிம்தான் ஸ்டென்சிலுக்கு நன்றாக இருக்கும். கடைசி ஆரக்காலை வெட்டும்போது பிலேடு வழுக்கி, லாடம் வரைக்கும் கிழிந்துவிட்டது. வேறு பிலிம் இல்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வாங்கி அந்த ஆரக்காலின் மேலே ஒட்டினேன். மற்றதை அடித்துவிட்டு, எட்டாவதைப் பிறகு கையால் வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டாவது வண்டியை முடிக்கும்போது ஜெனரலின் ஜீப் வாசலில் நின்றது.

அவர் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். ஒரு ஆரக்கால் எங்கே என்றார். அப்போதைய சுபேதாருக்கு முகம் சிவந்துவிட்டது. பெயிண்டரைக் கூப்பிடு என்றார்கள். கையில் தூரிகையோடு போய் நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "திரும்பி வராத டிரைவருக்காக, சாப். பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து நின்று, அந்த லாரியின் பின் பலகைக்கு சல்யூட் அடித்தார். பின்னால் நின்ற எல்லோரும் அடித்தார்கள். அதற்குப் பிறகு சின்னத்தில் எட்டு ஆரக்கால் இருந்தது என்று சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? பட்டாலியன் தலைவர் சி.ஓ.வுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு நூறு ரூபாயும் பத்து நாள் லீவும். அடுத்த வருடம் கைப்புத்தகத்தில் அச்சானது. அதற்கடுத்த வருடம் யாரோ ஒருவன் தொட ஆரம்பித்தான். அப்புறம் எல்லோரும் தொட்டார்கள். நானும் தொட்டிருக்கிறேன்.

வராதவன் என்று அன்று எவனும் கிடையாது. நான்தான் உண்டாக்கினேன். இப்போது அவனுக்குப் பெயர் வந்துவிட்டது, ஊர் வந்துவிட்டது, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொண்டுவருகிற ஒரு மனைவியும் வந்துவிட்டாள்.

இதைச் சொன்னால் லீமாவுக்குத்தான் கெடுதல். ஒரு பெயிண்டரின் புளுகை நம்பி இறங்கினான் என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன். பட்டியல் டிசம்பரில் வருகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 6

சம்பந்தம் இருக்கிறது. நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன்.

பத்து மணிக்கு விருந்தினர் அறைக்குப் போனேன். வெயிலில் கொழுந்தனின் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே, பிளாஸ்திரி, ஜெனரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த கிளிப்பை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது ஆருக்கும் உள்ள இடம் இல்லியா?"

"அன்னைக்கு யாருக்கும் இல்லம்மா. நானா சொன்னது."

"இது தெரியாமலா அவிய இறங்குனாவ."

எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது என்று எழுத வந்தேன், அதற்கும் எனக்கு உரிமை இல்லை. சின்னத்தைப் பற்றிக் கேட்க நாளை மறுநாள் என்னை விசாரணையில் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். நான் இதைச் சொல்லாமல் விட்டால் ஒருவேளை உனக்கு நல்லதாக முடியலாம், நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, என் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறேன் என்று.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"எங்கிட்ட ஏன் கேக்கிய? நீங்க சொன்னத நம்பித்தான அவிய தொட்டாவ. சொந்த சோலிக்கு இறங்கல. அத போய் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

அக்டோபர் 8

கர்னலுக்குத் தலை முழுக்க நரை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். நான் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டான். எழுது என்று அவனை அதட்டினார்.

முடித்ததும், ஆக, நீ சொன்ன பொய் ஒரு மூடநம்பிக்கையாகி ஒருவனைக் கொன்றிருக்கிறது, அப்படித்தானே என்றார். ஆமாம் சாப் என்றேன். ஆனால் ஆன்றோவுக்கு அது பொய் என்று தெரியாது, பட்டாலியன் கொடுத்த புத்தகத்தில் இருந்ததைத்தான் நம்பினான், தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை என்று சொல்லிக் கைப்புத்தகத்தை மேஜையில் வைத்தேன். நாலாம் பக்கத்தை அவரே பிரித்துப் படித்தார்.

புத்தகத்தில் பொருள்தானே இருக்கிறது, தொட வேண்டும் என்று எங்கே இருக்கிறது என்றார்.  உத்தரவு எதுவும் இல்லைதான். எல்லோரும் செய்கிறார்கள் சாப் என்றேன். எல்லோரும் என்றால் யார், அதிகாரிகளுக்குத் தெரியுமா, தெரிந்து அனுமதித்தார்களா என்றார். 

சுவரோரம் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்த பர்வே மேடம் எழுந்தார். அவர் பேச வேண்டிய முறையே இல்லை.

"நானும் தொடுவேன் சார். நான் போன ஒவ்வொரு கான்வாயிலும் தொட்டிருக்கிறேன். என் முன்னால்தான் டிரைவர்கள் தொட்டார்கள். நான் தடுத்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். உட்காருங்கள் கேப்டன் என்றார். கிளார்க்கிடம், எழுதிவிட்டாயா என்று கேட்டார்.

வெளியே வந்து மேடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். "என்னிடம் பேசாதே தவசி. இன்றைக்குப் பேசாதே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். கோபம் நியாயம்தான்.

அக்டோபர் 10

லீமாவை பஸ் ஏற்றிவிட்டேன். மேடம் அவளுக்குச் சட்டையில் குத்தும் சின்னம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார். பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக அதை என்னிடம் நீட்டினாள். இது வேண்டாம் அண்ணன் என்றாள். அண்ணன் என்றுதான் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 11

முழங்கால்.

அக்டோபர் 21

எனக்குக் கடும் கண்டனம். பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. ஈஸ்வரியிடம் போனில் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டாள். கணக்கில் எட்டைக் காணோம் என்றேன். குடிச்சிருக்கீகளா என்றாள். லீவில் வரும்போது முழுதாகச் சொல்ல வேண்டும்.

பித்தளைத் தகடு இல்லையாம். சின்னத்தைப் பழையபடி எட்டு ஆரக்காலாக மாற்ற வேண்டும், கைப்புத்தகத்தின் நாலாம் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்று சி.ஓ. உத்தரவு. போகும் வழியில் எங்கேயும் எதையும் தொடுவதற்காக வண்டியை நிறுத்தினால் சிறை. படித்துக் காட்டும்போது டிரைவர்கள் வரிசையில் அசையாமல் நின்றார்கள். அப்போது ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு லங்கரில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஊறுகாய் பாட்டிலைத் திறந்தேன். உப்பு தூக்கல். ஆன்றோ இருந்திருந்தால் பாதியைக் காலி செய்திருப்பான்.

அக்டோபர் 29

லீமாவிடமிருந்து போன். விசாரணை முடிவுக் கடிதம் வந்துவிட்டது. கொழுந்தன் இங்கிலீஷில் படித்துச் சொன்னானாம், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை ஒரு தடவை வாசிக்கச் சொல்லி போட்டோ அனுப்பினாள். தட்டுத் தடுமாறி வாசித்தேன். கடமையில் இருந்தபோது மரணம் என்றுதான் இருந்தது.

"வேற ஒண்ணும் எழுதலியே?"

"இல்லம்மா. வேற ஒண்ணும் எழுதல."

  அப்புறம், மகன் கேட்டில் இருக்கும் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறான், என்ன சொல்வது என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

நவம்பர் 1

பனி இறங்கும் முன் நாளை கடைசிப் பெரிய கான்வாய். இன்றைக்குள் நாற்பத்திரண்டும் முடிய வேண்டும் என்றார்கள். புது எக்ஸ்ரே வாங்கி, ஒன்றும் கிழியாமல் நிதானமாக ஸ்டென்சில் வெட்டினேன். பதினாலு வருடம் முன்னால் இந்த நிதானம் இருந்திருக்க வேண்டும். பழைய சின்னங்களை அழித்து, எட்டு எட்டாக அடித்தேன். இருபத்தேழுக்கும் அடித்தேன். குளிரில் இந்தப் பெயிண்ட் காய இரண்டு நாள் பிடிக்கும். வண்டி ஓடும்போது காற்றில் காயட்டும் என்றார் தில்பாக்.

எட்டு ஆரக்கால் சக்கரம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2

காலை ஆறு மணிக்கு லங்கரில் டீ. எனக்கு எதிர் பெஞ்சில் ஹேமராஜ் வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என் பக்கம் வந்த முதல் ஆள். டீ கிளாஸைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. பெயிண்டில் கை வைத்தாயா, ஈரம் என்று சொன்னேனே என்றேன். அவன் பாட்டுக்கு டீயைக் குடித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் விரலும் மஞ்சள். வரிசையில் டம்ளரோடு நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோர் கட்டைவிரலும் மஞ்சள்.

பார்க்குக்குப் போனேன். கான்வாய் வரிசையாக நின்றது. முதல் வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தேன், அடுத்ததைப் பார்த்தேன். கடைசி வரைக்கும் நடந்தேன். ஏழு ஆரக்கால் அப்படியே இருந்தது. வலது பக்கம் கீழே எட்டாவதை ஒவ்வொருவரும் விரலால் துடைத்து எடுத்திருந்தார்கள். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். உத்தரவை நின்று கேட்டவர்கள்தான். ஒருவரும் வழியில் நிறுத்தப் போவதில்லை. பார்க்கிலேயே முடித்துவிட்டார்கள்.

தில்பாக் வந்தார். பார்த்தார். சி.ஓ. கேட்டால் பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். அதிலும் பொய் இல்லை.

பர்வே மேடம் புறப்பாட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார், முதல் டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி. தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கைரேகை இருந்தது.

வண்டிகள் போன பிறகு பார்க்கில் இருபத்தேழு மட்டும் நின்றது. அதற்கு இன்னும் டிரைவர் போடவில்லை. அதில் எட்டும் இருந்தது. போய், நானே என் விரலால் துடைத்தேன். மெதுவாகத்தான் துடைத்தேன். போட்டோ எடுத்து லீமாவுக்கு அனுப்பினேன். மகனிடம் இது அவன் அப்பாவின் இடம் என்று சொல்லும்மா, இந்த முறை நான் சொல்லவில்லை, எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதினேன்.

விரலில் மஞ்சள் அப்படியே இருக்கிறது. பெயிண்டைப் போக்கும் தின்னர் பக்கத்தில்தான் இருக்கிறது. துடைக்கவில்லை.